பயோடேட்டா வந்த பாதை

போன மாதம் பண்ணைப்புரத்திலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு தாளை அனுப்பியிருந்தாள். பின்னாலேயே குரல் பதிவு: "மாமா, சென்னையில 108 கன்ட்ரோல் ரூம்ல போன் எடுக்க ஆள் எடுக்குறாங்களாம். என் பயோடேட்டா சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

உத்தமபாளையத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் அடித்த தாள். மேலே ‘ஆப்ஜெக்டிவ்’ என்று நாலு வரி ஆங்கிலம். இரண்டு முறை படித்தும் அவள் எந்த வேலைக்குப் போகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் மச்சான் பெயர் இல்லை. அவளுக்கு முன்னால் அதே ஃபைலில் குடியிருந்த யாரோ ஒருவருடைய அப்பா அங்கேயே தங்கிவிட்டார். கடைசி வரி, ‘பொழுதுபோக்கு: இசை கேட்டல்.’ இளையராஜா பிறந்த ஊர்க்காரி இப்படி எழுதுவது, சுருளி அருவிப் பக்கத்துக்காரன் ‘குளித்தல்’ என்று எழுதுவது மாதிரி.

இந்தத் தாளை முதன்முதலில் யார் எழுதியிருப்பார்கள் என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

வேலைக்குத் தகுதி கேட்கும் பழக்கத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. உத்திரமேரூரில் ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய, முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் படித்தால் டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை மாதிரியே இருக்கும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு அதிகம். சொந்த மனையில் வீடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய சொந்தபந்தங்களும் கிட்டவே வரக் கூடாது. ஆனால் விண்ணப்பதாரர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை. ஓலையில் பெயர், ஓலை குடத்தில், குடத்துக்குள் ஒரு சிறுவனின் கை. உலகத்திலேயே குட்டியான பயோடேட்டா அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தன்னைப் பற்றித் தானே பேசும் கடிதத்துக்கு மிலான் நகரத்துக்குப் போக வேண்டும். 1482 வாக்கில், முப்பது வயது லியனார்டோ டா வின்சி அந்த நகரத்தின் அதிபர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு ஒரு கடிதம் தயாரித்தார். எடுத்துப் போகத்தக்க இலேசான பாலம் கட்டுவேன், அகழியை வற்ற வைப்பேன், பீரங்கி செய்வேன், மூடிய போர் வண்டி செய்வேன் என்று வரிசையாகப் போகும் கடிதத்தில், ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. லுடோவிகோவுக்குத் தேவை படம் அல்ல, படை. அது லியனார்டோவுக்குத் தெரிந்திருக்கிறது. வேலை கொடுப்பவனின் கவலையிலிருந்து தொடங்கும் அந்தச் சூட்சுமத்தை ஐந்து நூற்றாண்டு கழித்தும் யாரும் மிஞ்சவில்லை. இன்னொரு வேடிக்கை: நமக்குக் கிடைத்திருக்கும் அந்தக் கடித வரைவு லியனார்டோவின் கையெழுத்தில் இல்லை. மிலானிலோ ஃப்ளாரன்ஸிலோ அன்றைக்கே ஒரு டி.டி.பி. சென்டர் இருந்திருக்கிறது.

அவர் மிலானுக்குப் போனதே பாட்டுக்காரராக என்கிறார் வசாரி. குதிரை மண்டை வடிவத்தில் வெள்ளி யாழ் ஒன்றைச் செய்து கொண்டுபோனாராம். பின்னாளில் இளையராஜாவான பண்ணைப்புரத்து ராசையாவும் பஞ்சு அருணாசலத்துக்கு மேசையில் தாளம் தட்டிப் பாடிக்காட்டித்தான் ‘அன்னக்கிளி’ பட வாய்ப்பைப் பிடித்தார் என்பது ஊரறிந்த கதை. காதால் ஆள் எடுக்கும் வேலைகள் என்று சில உண்டு. டெலிபோன் சுவிட்ச்போர்டு வேலை அவற்றில் ஒன்று.

அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1878 ஜனவரி 28-ம் தேதி ஜார்ஜ் காய் என்பவர் திறந்த எக்ஸ்சேஞ்சுக்கு 21 சந்தாதாரர்கள். அவர் போர்டைச் செய்தது வண்டி போல்ட்டுகளையும் தேநீர்க் கெண்டி மூடியின் குமிழ்களையும் பெண்கள் பாவாடையை விரித்துப் பிடிக்கும் கம்பியையும் வைத்து. நாலு வருடம் கழித்து, அதே ஜனவரி 28-ல், 1882-ல் கல்கத்தாவில் எக்ஸ்சேஞ்ச் வந்தது.

முதலில் போர்டில் உட்கார்ந்தவர்கள் தந்தி ஆபீசில் ஓடியாடிய பையன்கள். அழைப்பவரைத் திட்டினார்கள், குறும்பு செய்தார்கள். பாஸ்டனில் எட்வின் ஹோம்ஸின் ‘டெலிபோன் டிஸ்பாட்ச் கம்பெனி’, 1878 செப்டம்பர் 1-ல் எம்மா நட் என்ற பெண்ணைச் சேர்த்தது. உலகின் முதல் பெண் ஆபரேட்டர். ஹோம்ஸின் மூலத் தொழில் திருட்டு எச்சரிக்கை மணி. ஆக, ஆபத்தும் டெலிபோனும் அன்றைக்கே ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. எம்மா ஏற்கெனவே தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். இதமான குரல், பொறுமை. அன்றே அவர் சகோதரி ஸ்டெல்லாவும் சேர்ந்துவிட்டார். ‘என் கூடப்பிறந்தவள் இங்கேதான் வேலை பார்க்கிறாள்’ என்ற ஒரு வரிக்கு இணையான சிபாரிசு இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆபரேட்டரின் நேர்மை எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கான்ஸாஸ் சிட்டியில் ஒரு கதை உண்டு. ஆல்மன் ஸ்ட்ரோஜர் அங்கே சவ அடக்கத் தொழில் செய்தவர். போட்டிக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் இருந்துகொண்டு தனக்கு வரும் அழைப்புகளைப் புருஷனுக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகமாம். அந்தக் கோபத்தில் ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி சுவிட்சைக் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார். ஒருத்தி மேல் வந்த சந்தேகம், பின்னால் லட்சக்கணக்கான பெண்களின் நாற்காலியை எடுத்துவிட்டது.

நாற்காலி போவதற்குள் ஒரு போர். முதல் உலகப்போரில் பிரான்ஸில் இருந்த அமெரிக்கப் படைக்கு இரண்டு மொழியும் பேசும் ஆபரேட்டர்கள் வேண்டியிருந்தது. ஏழாயிரத்துக்கு மேல் விண்ணப்பம். போனவர்கள் 223 பேர். பட்டம் இருந்தால் போதாது, பிரெஞ்சில் கேட்டு ஆங்கிலத்தில் அடுத்த நொடியே சொல்ல வேண்டும். உயிரைக் கொடுத்து உழைத்த அந்தப் பெண்களைப் போர்வீரர்கள் என்று ஒப்புக்கொள்ள அரசுக்கு 1977 வரை ஆனது.

அவசர எண் பிறந்தது ஒரு வரிசையால். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு டாக்டர் வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் டெலிபோனை எடுத்துக் காத்திருந்தார். எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு அவர் அழைப்பும் வரிசையில் நின்றது. அவர் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதம் விசாரணையைக் கிளப்பி, 1937 ஜூன் 30-ல் 999 வந்தது. அழைப்பு வந்தால் போர்டில் சிவப்பு விளக்கு எரியும், ஹாரன் அலறும். அமெரிக்கா 31 வருடம் கழித்துக் காப்பியடித்தது. அங்கே ஒரு முந்திரிக்கொட்டை. 911-ஐக் கொண்டுவரப்போவதாக ஏ.டி. அண்ட் டி. அறிவித்ததைப் படித்த அலபாமாவின் சின்னக் கம்பெனி ஒன்று, பெரியண்ணனுக்கு முன்னால் 1968 பிப்ரவரி 16-ல் ஹேலிவில் என்ற சிற்றூரில் மணியடித்துவிட்டது.

அந்தக் காலத்தில் நம்மூரில் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஆர்டினரி, அர்ஜென்ட், அவசரத்துக்கு லைட்னிங். பயோடேட்டா அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் 45. கார்பன் வைத்து நாலு பிரதி. நாலாவதில் பெயர் மங்கிவிடும். போன் நம்பருக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம். வேலை கிடைத்த சேதியை முதலில் கேட்பது பக்கத்து வீட்டு அம்மாதான். அதே தாள், ராசி நட்சத்திரம் ஏறியதும் கல்யாணத் தரகர் பைக்கும் போகும்.

ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. பண்ணைப்புரத்தில் ஒருவர் அந்த எண்ணை அழுத்தினால் சென்னையில் மணி அடிக்கும். அழைப்பவர் பதற்றத்தில் ‘கூடலூர்’ என்பார். கம்பத்துக்குத் தெற்கே ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர். கடலூர் என்று காதில் விழுந்தால் வண்டி வங்காள விரிகுடாவுக்குப் போய்விடும். ‘பாளையத்துக்கிட்ட’ என்று இன்னொருவர். அவருக்குப் பாளையம் என்றால் உத்தமபாளையம் மட்டும்தான். தமிழ்நாட்டில் மற்ற பாளையங்களே கிடையாது.

பெண்ணுக்குப் போன் போட்டேன். "படிப்பு முடிச்சு ரெண்டு வருசம் என்ன செஞ்ச?"

"சும்மாதான் மாமா. ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்துற ஜீப்காரர்ட்ட போன் பாத்தேன். அதெல்லாம் ஒரு வேலையா?"

விடியக்காலை நாலு மணிக்கு உட்காருவாளாம். 14 ஜீப். எந்த ஊரில் எத்தனை பேர், எந்த ஜீப் கம்பம்மெட்டு ஏறுகிறது, எது பழுதாகி நிற்கிறது, அந்த ஆட்களை எதில் மாற்றி ஏற்றுவது. மேலே எஸ்டேட் சூப்பர்வைசரிடம் மலையாளம், கீழே டிரைவரிடம் தமிழ். ஒரு நாள் மெட்டில் ஜீப் ஒன்று சாய்ந்தபோது, இடத்தைக் கேட்டு எழுதி, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவள்தான். அது தாளில் எங்கேயும் இல்லை. ‘கடின உழைப்பாளி’ என்று மட்டும் இருந்தது.

ஆப்ஜெக்டிவை வெட்டினேன். அந்த இடத்தில் மூன்று வரி: ‘இரண்டு ஆண்டுகள், தினமும் காலை 4 மணி முதல் 14 வாகனங்களைத் தொலைபேசியில் ஒருங்கிணைத்தேன். தமிழ், மலையாளம் சரளமாகப் பேசுவேன். கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களும் மலைப்பாதைகளும் தெரியும்.’ அதற்குக் கீழே டைப்பிங் வேகம் எண்ணில், கல்லூரியில் எடுத்த முதலுதவிப் பயிற்சி, இரவு ஷிஃப்டுக்குச் சம்மதம். பட்டம் அதற்கப்புறம். மொத்தம் ஒரு பக்கம். ஜீப்காரரின் பெயரும் நம்பரும் விசாரிக்க, அவரைக் கேட்டுவிட்டு.

"பொழுதுபோக்கை எடுத்துரவா மாமா?"

"இருக்கட்டும். இந்த வேலைக்கு அது ஒண்ணுதான் சரியா எழுதியிருக்க."

சாயங்காலம் டி.டி.பி. சென்டரிலிருந்து புதுத் தாள் வந்தது. எல்லாம் சொன்னபடி. அப்பா பெயர் மட்டும் இன்னும் அந்த மனிதருடையதுதான்.