நோவா ஸ்கோஷியாவில் ஸ்காட்டியக் குலமரபு

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் என்ற மலைப்பகுதியிலிருந்தும் அதன் மேற்குத் தீவுகளிலிருந்தும் கனடாவின் கிழக்குக் கரைக்குக் குடியேறியவர்களின் வழிவந்தோர், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இன்றும் பேணிவரும் குல உறவு, கேலிக் மொழி, இசை, கூடிவாழும் வழக்கம் ஆகியவை இம்மரபில் அடங்கும். 1773 முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 50,000 பேர் இவ்வாறு வந்து சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. தாயகத்தில் ஆட்சியமைப்பாக இருந்த குலம் அங்கேயே உடைந்துபோனது. கடல் கடந்த பிறகு அது உறவுமுறையாகவும் பின்னர் சங்கமாகவும் உருமாறி நிலைத்தது. இவ்வரலாற்றில் இரண்டு ஓட்டங்கள் உண்டு. ஒன்று, வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் ஓடிய மொழி, பாட்டு, வம்சாவளி அறிவு. மற்றொன்று, மேடைக்கும் மைதானத்துக்கும் உரிய கட்டம்போட்ட டார்டன் துணி, அணிவகுப்பு, விளையாட்டு விழா. முன்னது மூத்தது, பின்னதற்கு உயிர் தந்ததும் அதுவே.

தாயகத்தில் குலமுறை

ஹைலண்ட்ஸ் பகுதியில் குலத்தலைவர் நிலத்துக்கு உரியவராகவும் நீதி வழங்குபவராகவும் போரில் படைத்தலைவராகவும் இருந்தார். குலத்தார் அனைவரும் ஒரே முன்னோரின் வழிவந்தோர் என்ற நம்பிக்கை அவர்களைப் பிணைத்தது. ஆனால் உண்மையில் பலர் ரத்த உறவால் அன்றி, ஒரே தலைவரின் நிலத்தில் வாழ்ந்து அவருடைய பாதுகாப்பை ஏற்றதால் குலத்தில் சேர்ந்தவர்கள்.

1746 ஏப்ரல் 16 அன்று நடந்த கல்லோடன் போரில், ஸ்டுவர்ட் அரச குடும்பத்தின் பக்கம் நின்ற படை தோற்றது. அதைத் தொடர்ந்து வந்த சட்டங்கள் தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தைப் பறித்தன; ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தன. ஆண்களும் சிறுவர்களும் கில்ட் முதலான ஹைலண்ட் உடைகளை அணிவது 1747 ஆகஸ்ட் முதல் குற்றமாயிற்று. முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை; மீண்டும் பிடிபட்டால் 7 ஆண்டு நாடுகடத்தல். அரசுப் படையில் பணியாற்றியவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இத்தடை 1782இல் நீங்கியது.

அதிகாரம் இழந்த தலைவர்கள் பலர் மெல்ல மெல்ல வெறும் நில உரிமையாளர்களாக மாறினர். குத்தகை உயர்ந்தது. ஆட்டுப்பண்ணைகளுக்கு இடம்கொடுக்க முழுக் கிராமங்கள் காலிசெய்யப்பட்டன. கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் தொழில் நெப்போலியன் போர்களுக்குப் பின் சரிந்தது. 1846இல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. தம் தலைவர்களே தம்மை வெளியேற்றினார்கள் என்ற கசப்போடு கப்பலேறியவர்கள் ஏராளம்.

குடியேற்றம்

நோவா ஸ்கோஷியா என்ற பெயர், ஆறாம் ஜேம்ஸ் மன்னர் 1621இல் சர் வில்லியம் அலெக்சாண்டருக்கு அளித்த பட்டயத்திலேயே உள்ளது. ஆனால் அந்த முயற்சி வேரூன்றவில்லை. 1632இல் அப்பகுதி மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் போனது.

தொடர்ச்சியான ஹைலண்ட் குடியேற்றம் 1773இல் 'ஹெக்டர்' என்ற பழைய கப்பலோடு தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் லோக் புரூம் கரையிலிருந்து ஜூலையில் புறப்பட்ட அக்கப்பல், செப்டம்பர் 15 அன்று பிக்டூ துறையை அடைந்தது. ஏறத்தாழ 190 பயணிகளில் 18 பேர் அம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் வழியிலேயே இறந்தனர். கட்டணம் செலுத்தாமல் ஏறிய பைப் இசைஞர் ஒருவரை மாலுமிகள் இறக்கிவிட முயன்றபோது, பயணிகள் தம் உணவில் பங்கு கொடுத்து அவரைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வாக்களிக்கப்பட்ட விளைநிலம் அங்கே இல்லை. கண்ணுக்கெட்டிய வரை காடுதான். மரம் வெட்டிப் பழகாத மக்கள் கோடரியோடு வாழ்க்கையைத் தொடங்கினர். அது மிக்மாக் பழங்குடியினரின் நிலம். தம் நிலத்தை இழந்து வந்தவர்கள் இன்னொருவர் நிலத்தில் குடியேறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இவ்வரலாறு முழுமை பெறும்.

1802க்குப் பின், இன்று இம்மாகாணத்தின் பகுதியாக உள்ள கேப் பிரெட்டன் தீவுக்குக் கப்பல்கள் பெருகின. வந்தவர்கள் சிதறிக் குடியேறாமல் உறவும் ஊரும் மதப்பிரிவும் பார்த்து அருகருகே அமர்ந்தனர். பார்ரா தீவின் மக்நீல் குடும்பங்கள் ஐயோனா, கிறிஸ்துமஸ் ஐலண்ட் பக்கம் தங்கின; லோகாபர் பகுதிக் கத்தோலிக்கர்கள் மாபூ பக்கம்; லூயிஸ், ஹாரிஸ் தீவுகளின் பிரெஸ்பிட்டீரியர்கள் செயின்ட் ஆன்ஸ், வடகரைப் பக்கம். ஆணையிடத் தலைவர் இல்லாதபோதும் குலத்தின் உறவு வட்டம் கலையாமல் இருந்ததற்கு இந்தக் குடியிருப்பு முறையே முதற்காரணம்.

இங்கிருந்தும் ஒரு கூட்டம் மீண்டும் புலம்பெயர்ந்தது. செயின்ட் ஆன்ஸில் குடியேறியிருந்த போதகர் நார்மன் மெக்லாய்ட், 1851இல் தம் சபையாரோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பின்வந்த கப்பல்களையும் சேர்த்து 800க்கும் மேற்பட்டோர் கிளம்பி, இறுதியில் நியூசிலாந்தின் வைப்பூவில் நிலைபெற்றனர். அங்கே 1871 முதல் ஹைலண்ட் விளையாட்டு விழா நடந்துவருகிறது.

பெயரும் பாட்டும்

ஒரே ஊரில் ஒரே குலப்பெயரும் ஒரே சில முதற்பெயர்களும் திரும்பத் திரும்ப வந்ததால், யார் யார் என்று அடையாளம் காணத் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களை அடுக்கிச் சொல்லும் வழக்கம் நிலைத்தது. டொனால்ட் மக்டொனால்ட் என்றால் பலர் இருக்கலாம். 'அங்கஸின் மகன் ஜானின் மகன் டொனால்ட்' என்றால் ஒருவர்தான். ஏழெட்டுத் தலைமுறைகளை மூச்சுவிடாமல் சொல்லும் முதியவர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தனர். அப்பட்டியலில் கப்பலேறியவரின் பெயரும் அவர் விட்டுவந்த ஊரின் பெயரும் இடம்பெற்றன. எழுத்தறியாத குடும்பங்களுக்குக்கூட வரலாறு இருந்தது இதனால்தான்.

மாலை நேரங்களில் அண்டைவீட்டுக்குப் போய் அடுப்பங்கரையில் அமர்ந்து கதை கேட்பதும் பாடுவதும் கேய்லி எனப்பட்டது. இன்னொரு கூடுகை, துணி துவைத்து இறுக்கும் கூட்டுவேலை. தறியிலிருந்து எடுத்த கம்பளித் துணியை நனைத்து, அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கி நீள மேசையில் போடுவார்கள். சுற்றி அமர்ந்தவர்கள் அதைப் பற்றி மேசையில் அறைந்து, இழுத்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவார்கள். ஒருவர் பாட்டின் அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பல்லவியைப் பாடுவார்கள். அறையும் ஓசையே தாளம். பாட்டு முடிய முடியத் துணி சுருங்கித் தடிக்கும். ஒருவர் விரலால் அகலத்தை அளந்து பார்த்து, போதாதென்றால் அடுத்த பாட்டைத் தொடங்கச் சொல்வார். ஸ்காட்லாந்தில் இது பெண்களின் வேலை. கேப் பிரெட்டனில் ஆண்களும் மேசையில் அமர்ந்தார்கள். இன்று யாருக்கும் துணியை இறுக்கவேண்டிய தேவை இல்லை. ஆயினும் பாட்டுக்காக மேசை போடப்படுகிறது.

சங்கங்களும் விளையாட்டு விழாவும்

புலம்பெயர்ந்த ஸ்காட்டியர்களின் முதல் அமைப்புகள் குலத்தின் பெயரால் தோன்றவில்லை. வறியவர்களுக்கு உதவுவதும், அந்நிய மண்ணில் இறந்தவரை முறைப்படி அடக்கம் செய்வதுமே அவற்றின் நோக்கம். பாஸ்டன் நகரின் அறச் சங்கம் 1657இலும் ஹாலிஃபாக்ஸ் நகரின் வட பிரித்தானியச் சங்கம் 1768இலும் தொடங்கியவை. குலப்பெயரால் அமைந்த சங்கங்களில் மூத்தது கிளாஸ்கோவின் புக்கானன் சங்கம். அது 1725இல் உருவானது. வட அமெரிக்காவில் அவ்வகைச் சங்கங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகின.

நோவா ஸ்கோஷியாவின் ஆன்டிகோனிஷ் ஊரில் ஹைலண்ட் சங்கம் 1861இல் அமைந்தது. அங்கு 1863இல் தொடங்கிய ஹைலண்ட் விளையாட்டு விழா இன்றும் ஆண்டுதோறும் கோடையில் நடக்கிறது. பைப் இசை, நடனம், கல்லெறிதல், சம்மட்டி வீச்சு ஆகியவற்றோடு, கேபர் எனும் நெடிய மரத்தண்டை நிமிர்த்திப் பிடித்து ஓடி எறியும் போட்டியும் உண்டு. அதில் தூரத்துக்கு மதிப்பெண் இல்லை. தண்டின் கனத்த முனை தரையில் பட்டு, மறுமுனை மேலெழுந்து, எறிந்தவருக்கு நேர் எதிரே விழவேண்டும். அந்த நேர்கோட்டுக்கே மதிப்பெண்.

மொழியின் தேய்வு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேப் பிரெட்டனின் பெரும்பகுதியில் அன்றாடப் பேச்சு கேலிக்கே. அதை அரசு அலுவல்மொழியாக்கக் கோரும் மசோதாவை, நோவா ஸ்கோஷியாவில் பிறந்த செனட்டர் தாமஸ் மக்கின்னிஸ் 1890இல் கொண்டுவந்தார்; அது 42க்கு 7 என்ற வாக்கில் தோற்றது. சிட்னி நகரில் ஜோனதன் மக்கின்னன் நடத்திய 'மாக் டல்லா' என்ற முழுக் கேலிக் இதழ் 1892 முதல் 1904 வரை வெளிவந்தது.

ஆனால் பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. கேலிக் பேசிய பிள்ளைகள் அடிவாங்கினர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் பாஸ்டன் நகர வேலையும் இளைஞர்களை ஊரைவிட்டு இழுத்தன. பிழைப்புக்கு ஆங்கிலம்தான் என்று முடிவுசெய்த பெற்றோர், தமக்குள் கேலிக்கிலும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலும் பேசினர். இரண்டு தலைமுறைகளில் மொழிச் சங்கிலி அறுந்தது.

முற்றிலும் அழியுமுன் அதைப் பதிவுசெய்தவர்களுக்கு இம்மரபு கடன்பட்டிருக்கிறது. ஜான் லோர்ன் கேம்பலும் அவர் மனைவி மார்கரெட் ஃபே ஷாவும் 1937இல் கேப் பிரெட்டனுக்கு வந்து பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்தனர். பின்னர் ஜான் ஷா, ஜோ நீல் மக்நீல் என்ற கதைசொல்லியிடம் கேட்டுப் பதிந்த கதைகள் 1987இல் நூலாயின. செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தின் கெல்டிக் ஆய்வுத்துறை இத்தகைய ஒலிப்பதிவுகளைக் காத்துவருகிறது.

டார்டன் காலம்

வீட்டு மொழி தேய்ந்த அதே ஆண்டுகளில் வெளி அடையாளம் வளர்ந்தது. போதகர் ஏ. டபிள்யூ. ஆர். மக்கென்சி 1938இல் செயின்ட் ஆன்ஸில் கேலிக் கல்லூரியைத் தொடங்கினார். மாகாண முதல்வராக இருந்த ஆங்கஸ் எல். மக்டொனால்ட் சுற்றுலாவை வளர்க்க ஸ்காட்டிய அடையாளத்தை முன்னிறுத்தினார். மாகாண எல்லையில் கில்ட் அணிந்த பைப் இசைஞர் பயணிகளை வரவேற்றார். பெஸ்ஸி மர்ரே 1953இல் வடிவமைத்த நோவா ஸ்கோஷியா டார்டன், 1963இல் மாகாணத்தின் அதிகாரபூர்வச் சின்னமாயிற்று.

வரலாற்றாய்வாளர் இயன் மக்கே இப்போக்கைக் கடுமையாக விமர்சித்தவர்: பல இன மக்கள் வாழும் மாகாணத்துக்கு ஒரே முகம் பூசப்பட்டது என்றார். அவ்விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிலையான டார்டன் என்ற ஒழுங்கே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. நான்காம் ஜார்ஜ் மன்னர் 1822இல் எடின்பரோ வந்தபோது நடந்த கோலாகலம் அதை விரைவுபடுத்தியது. தேவாலயத்தில் டார்டன் துணிக்கு ஆசி வழங்கும் சடங்கு, 1941இல் வாஷிங்டனில் போதகர் பீட்டர் மார்ஷல் தொடங்கியது. உடைத்தடைக் காலத்து ரகசிய வழிபாடு என்று அதைப் பற்றிச் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. ஆயினும் புதிய சடங்கு என்பதால் அது பொய்யாகிவிடாது. ஊரை இழந்தவர்கள் ஒன்றுகூட ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

குலத்தலைவர்களும் உலகக் கூடுகைகளும்

மக்லாய்ட் குலத்தின் 28ஆம் தலைவரான ஃப்ளோரா மக்லாய்ட், இரண்டாம் உலகப்போருக்குப் பின் வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பயணம்செய்து அங்கங்கே குலச் சங்கங்கள் உருவாகத் துணைநின்றார். ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் 1956இல் முதல் குல நாடாளுமன்றம் கூடியது. ஒரு காலத்தில் குத்தகைக்காரராகத் துரத்தப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் விருந்தினராக அக்கோட்டைக்குள் நுழைந்தனர்.

நோவா ஸ்கோஷியாவில் 1979இல் குலங்களின் பன்னாட்டுக் கூடுகை நடந்தது. ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை வலியுறுத்தி எழுதப்பட்ட ஆர்ப்ரோத் சாசனத்தின் தேதியான ஏப்ரல் 6ஐ டார்டன் நாளாகக் கொண்டாடும் எண்ணமும் இம்மாகாணத்தின் குலச் சங்கங்களிடமிருந்தே பிறந்தது. மாகாணம் 1987இல் அதை ஏற்றது. அமெரிக்க செனட் 1998இல் தீர்மானம் இயற்றியது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உடைத்தடை நீங்கிய நினைவாக ஜூலை 1 கொண்டாடப்படுகிறது.

வயலின் மறுமலர்ச்சி

கேப் பிரெட்டனின் வயலின் கலைஞர்கள் மறைந்துவருகிறார்கள் என்று கனடா ஒலிபரப்புக் கழகத்தின் ஆவணப்படம் ஒன்று 1970களின் தொடக்கத்தில் எச்சரித்தது. ஊரார் கொதித்தார்கள், ஆனால் கண்டனத்தோடு நிற்கவில்லை. 1973இல் கிளெண்டேல் ஊரில் வயலின் விழா நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்களை ஒரே மேடையில் வாசிக்கவைத்தனர். வாத்தியக் கலைஞர்கள் சங்கமும் பயிற்சி வகுப்புகளும் தொடர்ந்தன. ரயில்வே ஊழியராகப் பணியாற்றிக்கொண்டே ஊர் நடனங்களுக்கு வாசித்த பட்டி மக்மாஸ்டர், அவருடைய சகோதரரின் மகள் நாட்டலி மக்மாஸ்டர் ஆகியோர் வழியாக அந்த வாசிப்பு உலகமெங்கும் சென்றது. 1997 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் தீவு முழுவதும் 'கெல்டிக் கலர்ஸ்' விழா நடக்கிறது. எழுத்திலும் இம்மரபு உலக வாசகரை அடைந்தது: மக்டொனால்ட் குலத்தின் ஒரு கேப் பிரெட்டன் குடும்பத்தைப் பேசும் அலிஸ்டர் மக்லாய்டின் நாவல் 1999இல் வெளியாகி, 2001இல் டப்ளின் இலக்கியப் பரிசைப் பெற்றது.

இன்றைய நிலை

குலச் சங்கங்களில் சேரப் பெரும்பாலும் குலப்பெயரோ தாய்வழித் தொடர்போ ஈடுபாடோ போதும். வம்சாவளித் தேடலுக்கு மரபணுச் சோதனையும் துணையாகியிருக்கிறது. மாகாண அரசு 2006இல் கேலிக் விவகார அலுவலகத்தை அமைத்தது. கேலிக் ஊர்ப்பெயர்கள் சாலைப் பலகைகளில் ஏறின. பாடநூலை ஒதுக்கிவைத்து, அடுப்படியில் தேநீர் போட்டும் மேசை துடைத்தும் முதியவர்களிடம் பேச்சைப் பழகும் வகுப்புகள் ஊர்தோறும் நடக்கின்றன. மாபூவில் 2021இல் கேலிக் வழித் தொடக்கப்பள்ளி திறக்கப்பட்டது.

கேலிக் பேசுவோர் இன்று சில ஆயிரத்தைத் தாண்டமாட்டார்கள். ஆனாலும் கற்போரில் இளைஞர்கள் இருக்கிறார்கள், கற்பிக்கப் பெரியவர்கள் சிலர் மிஞ்சியிருக்கிறார்கள். டார்டனும் அணிவகுப்பும் மக்களை ஒன்றுகூட்டின. அந்தப் பணி மதிக்கத்தக்கது. ஆனால் இந்த மரபை இரண்டரை நூற்றாண்டு காலம் தாங்கிவந்தது பேச்சும் பாட்டும் உறவை நினைவில் வைத்திருக்கும் பழக்கமுமே. மாபூ பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் அந்த மொழியில் பேசுவார்களானால், கல்லோடனுக்குப் பின் அறுந்த இழைகளில் மிக முக்கியமான ஒன்று மீண்டும் கோக்கப்பட்டதாகும்.