காட்டுக்கு முன் நாற்பத்தொரு நாள்

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்கு முன் வருகின்ற தண்டலம், ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரித் தண்ணீரையும் ஐப்பசி மழையையும் நம்பி வாழ்ந்த கிராமங்களுள் ஒன்று. 1996-ஆம் ஆண்டில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால் ஊன்றியது முதல், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கூட்டாலை திறக்கப்பட்டது வரையிலான பதினைந்து ஆண்டுகளுக்குள், இப்பிரதேசத்தின் காலக்கணக்கே மாறிவிட்டது. உதயத்தையும் அஸ்தமனத்தையும் கொண்டு அளக்கப்பட்ட நாள், மூன்று ஷிப்டுகளாகப் பங்கிடப்பட்டது. ஆயினும் கார்த்திகை பிறந்துவிட்டால், கம்பெனிப் பேருந்துகளிலிருந்து, சபரிமலைக்கு மாலையிட்டு, கழுத்தில் துளசிமணியும் நெற்றியில் சந்தனமுமாக இறங்குகின்ற தொழிலாளர்களைக் காணலாம். ஆலைக்குள் ‘சேஃப்டி ஷூ’ இல்லாமல் நிற்க முடியாதாகையால் அதை அணிந்து வேலை பார்த்துவிட்டு, வாசலைத் தாண்டியவுடன் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, வெறுங்காலோடு வீடு திரும்புகிறவர்களும் அவர்களுள் உண்டு.

முதுகில் மூட்டையும் முன்னே வழிகாட்டியுமாக வனத்தினுள் சில நாள் நடந்து, யந்திரத்துக்குப் பழகிவிட்ட சரீரத்தை மீண்டும் பிரகிருதியோடு இணைத்துக்கொள்வது என்பது, மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்துப் பணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கின்ற புதிய வித்தை என்று எண்ணுவோர் பலர். நம் முன்னோர் அநாதிகாலமாகச் செய்துவந்ததே அது என்று மார்தட்டுவோர் வேறு சிலர். இவ்விரு கட்சியாரும் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம். தண்டலத்துக்காரர் ஒருவர் இன்று மேற்கொள்ளும் வனயாத்திரை, அவர் நினைப்பதைவிட வயதில் இளையது. ஆனால் அதன் அமைப்பிலே பொதிந்துள்ள யோசனை, வெறும் உல்லாசப் பிரயாணத்தைக் காட்டிலும் மிகவும் ஆழமானது.

இந்த வட்டாரத்தின் ஞாபகத்தில் தங்கியுள்ள வனப் பிரயாணங்களுள் புகழ் பெற்றது, 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுஜருடையது. யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றுகொண்டிருந்த அந்த இளைஞரை, அவருடைய நுண்ணறிவைப் பொறாத ஆசிரியரே காசி யாத்திரை என்ற வியாஜத்தால் அழைத்துச் சென்று வழியில் தொலைத்துவிட எண்ணினார் என்றும், தாய்வழி உறவினரான கோவிந்தர் இரகசியத்தை உரைக்க, இராமாநுஜர் விந்தியாடவியிலே கூட்டத்தை விட்டுப் பிரிந்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. திசை தெரியாமல் நின்றவருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் துணையாக வந்தனர். இரவு தங்கி எழுந்தபோது வேடுவச்சி தாகத்துக்குத் தண்ணீர் கேட்க, அருகிலிருந்த கிணற்றில் முகந்து கொடுத்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்க்கையில், துணைவர் இருவரும் மறைந்திருக்க, தாம் நிற்பது காஞ்சியின் எல்லையென்று தெரிந்தது. வரதராஜரும் பெருந்தேவித் தாயாருமே வழிகாட்டிகளாக வந்தனர் என்பது வைணவர்களின் விசுவாசம்; செவிலிமேட்டை அடுத்த சாலைக்கிணறு இன்றும் அதன் அடையாளமாகக் காட்டப்படுகின்றது. கல்வியிற் சிறந்த ஒருவர் காட்டில் நிராதரவாக நின்றபோது, அவருக்குக் கை கொடுத்தது சாஸ்திர ஞானமன்று, வேடனுடைய வழியறிவே என்று இக்கதையைச் சொல்லிவைத்த வைணவப் பெரியோர் துணிந்தமை கவனிக்கத்தக்கது.

ஆனால் இராமாநுஜர் காட்டைத் தேடிச் சென்றவரல்லர், காட்டில் அகப்பட்டவர். தானே விரும்பி, நாள் குறித்து, உடலைப் பக்குவம் செய்துகொண்டு, வழியறிந்தவன் பின்னே அடவிக்குள் நுழைகின்ற வழக்கத்தை இவ்வூர்களில் பரவச் செய்தது சபரிமலை. அந்தப் பரவல் நிகழ்ந்த காலமோ நமக்கு மிகவும் சமீபமானது. இந்த நூற்றாண்டு யாத்திரைக் கூட்டத்தைக் காண்பவருக்கு நம்புவது கடினமாயினும், சுதந்திரத்துக்கு முன் சபரிமலை என்பது பெரும்பாலும் மலையாள தேசத்தாரும், செங்கோட்டை, கம்பம் போன்ற எல்லைப்புறத்துத் தமிழரும் அறிந்த கானகக் கோயிலே ஆகும். 1950-இல் அக்கோயில் தீக்கு இரையாகி, 1951-இல் புதிய பஞ்சலோக விக்கிரகம் பிரதிஷ்டையாயிற்று. நீதிக் கட்சித் தலைவராயிருந்த பி.டி. ராஜன் அவ்விக்கிரகத்தைத் தமிழ்நாட்டு ஊர்களில் பவனியாகக் கொண்டுசென்றதும், நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் குழு ஐயப்பன் சரிதத்தை மேடையேற்றியதும், அந்த வனதெய்வத்தைச் சமவெளித் தமிழனின் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. ஆகவே தண்டலம் போன்ற ஊர்களில் இவ்வழக்கத்துக்கு மூன்று தலைமுறை வயதுதான் இருக்கும். பாட்டனார் மாலை போட்டார் என்று சொல்லும் குடும்பமே இங்கே பழங்குடும்பம்.

வயது எதுவாயினும், அதன் கட்டமைப்பில் ஒரு தீர்க்கதரிசனம் இருக்கின்றது. யாத்திரை காட்டின் வாயிலில் தொடங்குவதில்லை. அதற்கு நாற்பத்தொரு நாள் முன்னரே, வீட்டுப் புறக்கடையில், விடியற்காலைக் குளிர்நீர் ஸ்நானத்தோடு தொடங்குகின்றது. மாம்சம் விலக்கி, மது விலக்கி, பிரமசரியம் பூண்டு, மெத்தையை ஒதுக்கித் தரையில் பாயை விரித்துப் படுத்து, செருப்பின்றி நடந்து, கோபமான சொல்லை அடக்கி ஒருவன் வாழும் அந்த மண்டல காலத்தில், பக்தியின் பெயரால் நிகழ்வது உண்மையிலே ஒரு தேகப் பயிற்சியுமாகும். வெறுந்தரையில் படுத்துப் பழகியவனுக்குக் காட்டில் இரவு தங்கும் விரி கடினமாகத் தோன்றாது. நாற்பது நாள் மண்ணை மிதித்துத் தடித்த பாதம் சரளைக்கல்லுக்கு அஞ்சாது. மார்கழிப் பனியில் குளிர்ந்த நீரைத் தலையில் கொட்டிக்கொண்டவனைப் பம்பை ஆற்றின் குளிர் திடுக்கிடச் செய்யாது. மாலை அணிந்தவன் யாவரையும், தன் மேஸ்திரியையும் தன் மகனையுங்கூட, ‘சாமி’ என்று விளிப்பதால், ஊரில் தனக்கிருந்த ஸ்தானத்தை அவன் புறப்படுவதற்கு முன்பே இறக்கி வைத்துவிடுகிறான்.

யாத்திரிகன் தலையில் சுமக்கும் இருமுடியைக் கட்டும் சடங்கை அருகிருந்து பார்த்தால் இந்த யோசனையின் நுட்பம் விளங்கும். நார் முழுவதும் உரித்து வழவழப்பாகத் தேய்த்த தேங்காயின் கண்ணொன்றைத் துளைத்து, உள்ளிருக்கும் இளநீரை வடித்துவிட்டு, உருக்கிய நெய்யை மெல்ல மெல்ல வார்த்து, வாய்க்கு அடைப்பிட்டு முத்திரை வைக்கிறார் கூட்டத்தை வழிநடத்தும் குருசாமி. அது சுவாமிக்குரிய முன்முடியில் மற்றப் பூஜைத் திரவியங்களோடு சேர்கின்றது. பின்முடியோ யாத்திரிகனுக்குரியது: அரிசி, பருப்பு, வெல்லம், அவல் என்று வழியில் அவனுடைய பசிக்கு வேண்டியவை மட்டுமே அதில் இடம் பெறும். இரண்டு முடிகளும் ஒன்றையொன்று தாங்குமாறு நிறை பார்த்துக் கட்டி, மடித்த கம்பளித் துணியைச் சும்மாடாக வைத்து, குருசாமியே தலையில் ஏற்றிவிடுவார். தலை தாங்கும் பாரத்துக்கு மேல் ஒரு படி அரிசியும் கூடாது என்ற நியதி, மனிதனுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்லிவிடுகின்றது. நடக்க நடக்கப் பின்முடி குறையும், முன்முடி குறையாது. இறுதியில் நெய் அபிஷேகத்துக்குப் போக, தேங்காய் மூடி ஆழித்தீயில் விழும்.

எருமேலியில் பேட்டை துள்ளி ஆடி, ஐயப்பனின் தோழர் வாவரின் பள்ளிவாசலை வணங்கி, பேரூர்த்தோடு கடந்து புறப்படும் பெரிய பாதை, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் நீளமுள்ளது. அழுதா நதியில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து கல்லிடும் குன்றில் போட்டுவிட்டு, இஞ்சிப்பாறை, முக்குழி வழியாகச் சென்றால் கரிமலை ஏற்றம்; கரிய மண்ணும் மரவேர்களும் படியாக அமைந்த அந்த ஏற்றத்தில் பேச்சு தானாகவே நின்றுபோக, மூச்சுக்கும் காலுக்கும் இடையே ஒரு கதி உண்டாகிவிடும். ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலைப் பரீட்சிப்பது. யானைகள் நடமாடும் அவ்வனத்தில் தனித்து நடத்தல் கூடாது. சரணகோஷம் இடையறாது ஒலிப்பதற்குப் பக்தியோடு இதுவும் ஒரு காரணம். எங்கே நீர் நல்லது, எந்த இடத்தில் இருட்டுவதற்குள் விரி போடவேண்டும், யார் கால் வீங்கியிருக்கிறான், யார் வெட்கத்தால் அதை மறைக்கிறான் என்பவற்றையெல்லாம் அறிந்தவர் குருசாமி. பதினெட்டு ஆண்டு மலை நடந்தவரே அப்பெயருக்கு உரியவர் என்பது மரபு. எழுதிப் பெறும் சான்றிதழ் இல்லை, நடந்து பெறும் தகுதியே உண்டு. முதன்முறையாக மலைக்கு வரும் கன்னிசாமி முன்னே போகாமலும் பின்தங்காமலும் நடுவில் நடப்பான்.

பின்னாளில் மோட்டார்ச் சாலை பம்பை வரையில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து நீலிமலை, அப்பாச்சிமேடு வழியாகச் சந்நிதானம் ஐந்து கிலோமீட்டர்தான். அப்பாதையும் காலக்கிரமத்தில் கல்லும் சிமெண்டுமாகிவிட்டது. வேன் அமர்த்திக்கொண்டு இரவில் புறப்பட்டு, ஓரிரு நாள் விடுப்பிலேயே போய்த் திரும்புவது சாத்தியமாயிற்று. நாற்பத்தொரு நாள் விரதம் சிலருக்கு ஒன்பது நாளாகவும் மூன்று நாளாகவும் சுருங்கிற்று. கூட்டம் பெருகப் பெருகக் காடு சிறுத்தது. 1999 ஜனவரி 14-இல் பம்பைக் கரையில் மண் சரிந்து நெரிசலில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2011-இல் அதே தேதியில் புல்லுமேட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பம்பைக்கரைக் கட்டிடங்கள் சேதமுற்று, வாகனங்கள் நிலக்கல்லிலேயே நிறுத்தப்பட்டன. பெரியாறு புலிகள் காப்பகத்தின் உள்ளே அமைந்த கோயில் அது என்ற உண்மையை, யாத்திரிகன் மறந்தாலும் மலை மறப்பதில்லை.

இதற்கிடையே மற்றொரு கிளை தோன்றிற்று. சென்னையிலும் இத்தொழில் வட்டாரத்திலும் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள், கோயில் எதையும் நோக்காமல், நடப்பதற்காகவே மலையேறத் தொடங்கினர். இதைச் சமயமற்ற விளையாட்டு என்று தள்ளுவது நியாயமன்று. ஏனெனில் பத்து முதல் ஐம்பது வயதுவரையுள்ள பெண்களுக்குச் சபரிமலைப் பாதையைச் சம்பிரதாயம் மறுத்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்த பின்னும், அதன் மீதெழுந்த வினாக்கள் 2019-இல் பெரிய அமர்வுக்குச் சென்றன. நம் பெண்கள் பலர் முதுகில் மூட்டையோடு கானகம் புகுந்தது இந்தப் புதிய கிளையின் வாயிலாகத்தான். ஆனால் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டில், கோடையில் காய்ந்த புல்வெளியில் பற்றிய தீயிலே சிக்கி, மலையேறச் சென்ற 23 பேர் இறந்த துயரம், அதன் குறையையும் காட்டிக் கொடுத்தது. அதன் பின்னர் அரசாங்கம் அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில், வன அனுபவக் கழகத்தின் மூலம், பதினான்கு மாவட்டங்களில் நாற்பது பாதைகளைத் திறந்து, மலைவாழ் மக்களையும் உள்ளூராரையும் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக நியமித்தது. இராமாநுஜருக்கு வழி காட்டிய வேடனின் அறிவுக்கு இப்போதுதான் சம்பளம் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது.

விரத யாத்திரையையும் புதிய மலையேற்றத்தையும் சீர்தூக்கிப் பார்க்கையில், ஒவ்வொன்றிடமும் பாதியே இருக்கக் காண்கிறோம். விரத மரபு சரீரத்தைத் தயார் செய்யத் தெரிந்தது. ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட நெடுங்காலம் அறியாதிருந்தது. புதிய மலையேற்றமோ ஒரு நாளைக்கு இத்தனை பேர், இந்தப் பருவத்தில் மூடல், இந்த வழிக்கு இந்த வழிகாட்டி என்று காட்டின் தாங்கும் சக்தியை முதலில் கேட்கின்றது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வரையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேகத்தைச் சனிக்கிழமை காலையில் செங்குத்தான சரிவில் ஏற்றிவிட்டு, அதையே புத்துணர்ச்சி என்கின்றது. மலையேற்றத்துக்கு முன்பதிவு செய்கின்ற ஒரகடத்து இளைஞன் அந்தத் தேதியிலிருந்தே விடியலில் எழுந்து நடந்து, தரையில் படுத்து, உணவைக் குறைத்துப் பழகட்டும்; மாலை போடுகின்ற தண்டலத்துத் தொழிலாளி, கூட்டம் மிகுந்த நாளைத் தவிர்த்து, கூடுமாயின் பெரிய பாதையை, வனத்துறை அனுமதிக்கும் பகல் நேரத்திலேயே, பிளாஸ்டிக் பை ஒன்றும் எடுத்துச் செல்லாமல் நடக்கட்டும். விரதத்தின் பயிற்சியும் விதியின் வரம்பும் ஒரே மனிதனிடம் சேருமானால், அவனுக்கும் நன்று, காட்டுக்கும் நன்று.