கும்மி சொல்லிக் கொடுத்தவர் பேர்



மலருக்கு நம்ம பக்கத்துக் கலை வரலாறு பற்றி எழுதச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எனக்குத் தெரிந்தது கும்மி. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கொடைரோடு, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டைப் பக்கம் சாமி கும்பிடு வந்தால் முளைப்பாரி போடுவோம். முளைப்பாரியைச் சுற்றி ராத்திரி கும்மி அடிப்போம். ஒரு அம்மா பாட்டு எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். பாட்டு மட்டும் இல்லை, ஆட்டமும் அவர் கையில்தான். ரெண்டு தட்டிலிருந்து மூணு தட்டுக்கு எப்போது மாறணும், எப்போது குனிஞ்சு நிமிரணும் என்பது அவர் குரலை ஏற்றுவதிலேயே தெரிந்துவிடும்.

ஒயிலாட்டத்தில் இந்த வேலையைச் செய்கிறவருக்கு வாத்தியார் என்று பேர். கையில் துணி, காலில் சலங்கை கட்டி ரொம்ப காலம் ஆண்கள் மட்டுமே ஆடிய ஆட்டம் அது. அந்த ஆட்டத்தை இன்ன வாத்தியார் செட்டு என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் பாட்டு எடுத்துக் கொடுத்த பொம்பளைக்கு அப்படி ஒரு செட்டு கிடையாது.

பாரதியார் ‘பெண்கள் விடுதலைக் கும்மி’ எழுதினார். அவர் பேர் நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு முன்னாலேயே கும்மியைத் தட்டித் தட்டிப் பழக்கி வைத்த பெண்கள் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோதும் கிராமத்துப் பாட்டு, ஆட்டத்தை வைத்துத்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். கலை எல்லாருக்கும் பொது என்பதால்தான் அது நடந்தது. ஆனால் பொது என்று சொல்லிச் சொல்லியே பேர் விட்டுப்போனதும் உண்மை.

இப்போது கொஞ்சம் மாறி வருகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் வள்ளி ஒயில் கும்மி சொல்லிக் கொடுத்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவருக்கு அப்போது வயது 87. ஆண்கள் ஆடிவந்த அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் பழக்கியவர் அவர். 2025-ல் நமக்குப் பக்கத்தில் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறை இசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் பேர் உண்டு என்று நாடு ஒத்துக்கொண்டது.

இனி எங்கள் குழு செய்த தப்பைச் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் மகளிர் தின விழாவுக்கு ஒரு கும்மி ஆடினோம். பழக்கியது எங்கள் தெரு அப்பத்தா. காட்டு வேலை முடிந்து வந்து, இடுப்பு வலியோடு பன்னிரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். விழாப் படிவத்தில் ‘பயிற்சி அளித்தவர்’ என்ற இடத்தில் நான் என் பேரை எழுதினேன். அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. ஷீல்டு எனக்குக் கொடுத்தார்கள். அப்பத்தா கூட்டத்தில் கீழே உட்கார்ந்து கை தட்டினார்.

அடுத்த வருஷம் பக்கத்து ஊர்க் குழு அதே கும்மியை ஆடியது. எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஆட்டத்தைக் காப்பி அடிச்சிட்டாங்க" என்று கூட்டத்தில் சண்டை போட்டோம். ரெண்டு குழுவும் ஆறு மாதம் பேசவில்லை. இதை அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அது உங்க ஆட்டமாடி? எப்பத்துல இருந்து?" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் போய், இனிமேல் உங்க பேரைச் சொல்றோம் அப்பத்தா என்றேன். அதற்கு அவர், "என் பேரை மட்டும் சொன்னா நானும் உன்னை மாதிரிதான். என் சின்ன மாமியா களையெடுக்கிற காட்டுல சொல்லிக் குடுத்தா. அவளுக்கு அவ அக்கா. மூணாவது தட்டு மட்டும்தான் நான் சேத்தது. பேப்பர்ல எல்லாம் போடாத, மேடையில மூணு பேரு பேரையும் சொல்லு. ஆடுறவ எவளா இருந்தாலும் ஆடட்டும்" என்றார்.

பக்கத்து ஊர்க் குழுவிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். இந்த வருஷம் ரெண்டு குழுவும் சேர்ந்தே ஆடினோம். மைக்கில் மூணு பேர் பேரையும் சொன்னோம். அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சகோதரிகளே, 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின இந்தக் குழு வேலை நமக்குக் கற்றுக் கொடுத்தது கணக்கு. பத்து ரூபாய் சேமிப்பு என்றாலும் யார் கட்டியது என்று பேர் போட்டு எழுதுகிறோம். ஆட்டம் கொடுத்தவரை மட்டும் எழுதாமல் விடலாமா? ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவோம். எந்தக் கும்மி, யார் சொல்லிக் கொடுத்தது, அவருக்கு யார், நாம் எதை மாற்றினோம் என்று எழுதி வைப்போம். யார் கேட்டாலும் சொல்லிக் கொடுப்போம். பரிசுப் பணம் வந்தால் பழக்கியவருக்கு ஒரு பங்கு வைப்போம்.

உங்கள் தெருவிலும் ஒரு அப்பத்தா இருப்பார். அவர் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.