கன்னிமாராவின் உள்ளறை

அரியலூர் மாவட்டத்தில் வாழ்வோர்க்கு ஒரு கட்டடத்தின் உள்ளறை எவ்வளவு விரைவாக மறையும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் நிற்கிறது. அதன் மதிற்சுவர்க் கற்கள் 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்குப் போயின. சற்றுத் தொலைவில், மாளிகைமேட்டில், இராசேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடத்தில் இன்று செங்கல் அடித்தளங்களே உள்ளன. 1980 முதல் நடந்த அகழாய்வுகளில் கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தூண் நிறுத்திய கல் இருக்கைகள் கிடைத்தன. ஓட்டைக் கொண்டு கூரையையும், கல்லைக் கொண்டு மரத்தூணையும் ஊகிக்கிறோம். மன்னன் அமர்ந்த கூடத்தில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை எந்த அகழாய்வும் சொல்லாது.

சென்னை எழும்பூர் கன்னிமாரா பொது நூலகத்தின் பழைய மண்டபத்தை அனுமதி பெற்றுப் படமெடுக்கச் சென்றபோது இந்நினைவே உடன் வந்தது.

இந்நூலகத்தின் தோற்றம் சற்று வேடிக்கையானது. கிழக்கிந்தியக் கும்பெனியின் அலுவலர்களைப் பயிற்றுவித்த இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிகுதியாக இருந்த நூல்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. 1860களின் தொடக்கத்தில் அருங்காட்சியகத்தோடு சேர்ந்த சிறு நூலகமாயின. வேண்டாதவை என்று ஒதுக்கப்பட்டவற்றிலிருந்து பெருநூலகம் ஒன்று முளைத்தது! ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890 மார்ச் 22இல் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1896 டிசம்பர் 5இல் அது திறக்கப்பட்டபோது கன்னிமாரா பிரபு ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன; பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக அது மாநில மைய நூலகமானது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படி ஒன்று அங்கும் சேர வழி செய்தது.

மண்டபத்துள் நுழைந்தவுடன் கண் மேலேதான் போகிறது. உயர்ந்த வளைவு விதானம், செதுக்கிய இலைக்கொத்துகள், வண்ணக் கண்ணாடிகள், இருமருங்கும் தேக்கு அலமாரிகள். அழகு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் மின்விளக்கு அரிதாக இருந்த காலத்தில் எழுந்த கட்டடம் இது. பகலொளியை மேலிருந்து இறக்கி மேசைமேல் பரப்பும் கருவியே அந்தக் கூரை. நம் படங்களில் பெரும்பாலானவை கூரையைத் தனியே வெட்டி எடுத்துக் காட்டுகின்றன. கூரையும் அலமாரியும் மேசையும் ஒரே சட்டத்துள் வந்தாலன்றி அக்கருவி இயங்கும் முறை விளங்காது என்பது என் துணிபு. முழு உயரமும் வேண்டுமென்று காமிராவை அண்ணாந்து பிடித்தால் அலமாரிகள் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். பின்னே போய் மட்டமாகப் பிடிக்க வேண்டும். இதைக் கற்க எனக்கு ஒரு முற்பகல் முழுவதும் ஆயிற்று.

ஒளியிலும் ஓர் இக்கட்டு உண்டு. வாசகர்க்கும் காமிராவுக்கும் வேண்டிய அதே வெயில் பழந்தாள்களுக்குப் பகை. காட்சிக்கு வைக்கும் காகிதச் சுவடிகளுக்கு 50 லக்ஸ் அளவே ஒளி போதும் என்பது காப்பகங்களின் பொது வழக்கு. ஆகவே மின்வெட்டுப் போல் ஒளிரும் ஃபிளாஷைத் தவிர்த்து, முக்காலியில் நிறுத்தி, நீண்ட நேரம் திறந்துவைத்து எடுப்பதே முறை.

நீண்ட திறப்புக்கும் ஒரு விலை உண்டு. அசைவது எதுவும் படத்தில் நிலைக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உள்ளறைப் படங்கள் பல ஆளரவமற்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றோ கருவி விரைவுடையது; ஆயினும் கூடம் காலியாகட்டும் என்று நாமே காத்திருக்கிறோம்! படிப்பவர் இல்லாத வாசிப்புக்கூடத்தைப் பதிவு செய்து அதை வரலாற்று ஆவணம் என்றும் அழைக்கிறோம். கன்னிமாராவின் பழைய மண்டபம் இன்று பெரிதும் பழைய நூல்களின் இருப்பிடம். வாசகர் கூட்டம் பிற்காலக் கட்டடங்களில்தான். எனவே அங்கு வெறுமை வேறு வகையில் உண்மைதான். அப்படியானால் நாற்காலிக் கையின் தேய்வையும், பலர் விரல் பட்ட அலமாரி விளிம்பையுமாவது அணுகி எடுக்கலாமே.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று உடன் பணிபுரியும் நண்பர் கேட்டார். யாழ்ப்பாணத்தைச் சொன்னேன். 1959இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது; ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வெண்ணிறக் கட்டடத்தைப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்ப முடிந்தது. எந்த அலமாரியில் எந்நூல் எதன் பக்கத்தில் நின்றது என்பதைக் கட்டட வரைபடம் வைத்திருப்பதில்லை. முதுகெழுத்துத் தெரிய எடுத்த ஒரு படம் வைத்திருக்கும்.

அன்று திரும்புமுன் அலமாரிகளை வரிசையாக, நூற்பெயர் படிக்கும்படி எடுத்தேன். கடைசிப் படத்தில் ஊழியர் ஒருவர் ஏணியில் நின்று நூலொன்றை உருவுகிறார். கை மட்டும் கலங்கியிருக்கிறது. அந்தப் படத்தை அழிக்க மனம் வரவில்லை.