சிதையும் சர்க்கரைப் பாலிமர்கள்

மரபணு அடக்க மருந்துகளைச் செல்லுக்குள் சேர்த்துவிட்டுத் தாமும் கரைந்துபோகும்படி, சர்க்கரைச் சங்கிலிகளிலிருந்து உருவாக்கப்படும் ஊர்திகள். இவற்றுள் நன்கு ஆராயப்பட்டது அசெட்டலேற்றிய டெக்ஸ்ட்ரான்.

மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் உருளைப்புழுக்களில் விளக்கிக்காட்டி, 2006இல் நோபல் பரிசு பெற்றனர். சுமார் 21 இணைகள் நீளமுள்ள ஈரிழை ஆர்.என்.ஏ. சைட்டோபிளாசத்தை எட்டினால், தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வை வெட்டச்செய்து, அதற்குரிய புரதம் உருவாவதைத் தடுக்கும். அங்கே எட்டுவதுதான் கடினம். இரத்தத்தின் நொதிகள் அதைத் துண்டாக்கும், சிறுநீரகம் வடித்துவிடும். எதிர்மின்னூட்டம் கொண்டதால் செல் சவ்வையும் தானாகக் கடக்காது. செல் விழுங்கினாலும், எண்டோசோம் என்னும் நுண்பையில் அடைபட்டுப் பெரும்பகுதி அழிந்துவிடும். 1995 முதல் மரபணு ஊர்தியாகப் பயன்படும் பாலிஎத்திலீன்இமைன் திறன்மிக்கது; ஆனால் எளிதில் சிதையாது, செல்களுக்கு நஞ்சாகவும் அமைகிறது.

டெக்ஸ்ட்ரான் என்பது பாக்டீரியா சுக்ரோசிலிருந்து பின்னும் குளுக்கோஸ் சங்கிலி. வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகத் தாமதமானால் சாற்றைக் கொழகொழப்பாக்குவதும் இதுவே. மருத்துவத்திலோ இரத்தப் பிளாஸ்மாவுக்கு ஈடாக நெடுங்காலம் ஏற்றப்பட்டு வந்ததால், உடல் இதைத் தாங்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிரெஷேயின் குழு 2008இல் இதன் ஹைட்ராக்சில் தொகுதிகளை அசெட்டல்களால் மூடியது. நீரில் கரையும் டெக்ஸ்ட்ரான் கரையாத பொருளாக மாறியது. அதிலிருந்து மருந்தடங்கிய துகள்களை ஆக்க முடிந்தது. இரத்தத்தின் பிஎச் 7.4இல் துகள் நாட்கணக்கில் நிலைக்கும். எண்டோசோமின் அமிலச் சூழலில் அசெட்டல்கள் மணிக்கணக்கில் உதிர்ந்து, டெக்ஸ்ட்ரான் மீண்டும் கரைந்து, உள்ளிருப்பது வெளியேறும். மிஞ்சுவன அசெட்டோனும் சிறிதளவு மெத்தனாலும். பின்னர் அதே குழு, உயிர்ச்செல்களில் இயல்பாகவே உள்ள, நேர்மின்னூட்டம் கொண்ட ஸ்பெர்மினை டெக்ஸ்ட்ரானோடு பிணைத்து, எதிர்மின்னூட்ட ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் துகளை ஆக்கி, வளர்ப்புச் செல்களில் மரபணுவை அடக்கிக் காட்டியது. சிதைவையே மருந்தை விடுவிக்கும் விசையாக்கியதுதான் இந்த வடிவமைப்பின் உண்மையான வலிமை.

சர்க்கரைப் பாலிமர்கள் மனிதரிடமும் சோதிக்கப்பட்டுள்ளன. கால்டெக்கின் மார்க் டேவிஸ் குழு, சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் சர்க்கரை வளையங்கள் கோத்த பாலிமரில் ஆர்.என்.ஏ.வை ஏற்றிப் புற்றுநோயாளர்களின் இரத்தத்தில் செலுத்தியது; மெலனோமா கட்டிகளில் இலக்குத் தூது ஆர்.என்.ஏ. வெட்டுப்பட்டிருந்ததை 2010இல் அறிவித்தது. அந்த மருந்து சந்தையை எட்டவில்லை.

அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்ற ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்தான பாட்டிசிரான் கொழுப்புத் துகளில் செல்கிறது. 2019இல் வந்த கிவோசிரானில் சர்க்கரை உண்டு. ஆனால் அது கல்லீரல் செல்லைக் கண்டறியும் அடையாளம் மட்டுமே. இரண்டுமே கல்லீரலில் வேலைசெய்பவை. கல்லீரலுக்கு அப்பாலுள்ள கட்டிகளுக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் சிதையும் ஊர்திகளின் தேவை இன்னும் தீரவில்லை.