தீவகப் பாதைகளும் பிறேக்கின் வரலாறும்

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் பெயரோடும் ஆண்டோடும் நின்றுவிடுகின்றனர். ஒரு கருவி எந்த மண்ணில், யாருடைய உழைப்பில், எத்தகைய பழுதுகளுக்கு உட்பட்டு இயங்கியது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. லொறியின் பின்அச்சிலுள்ள ட்ரம் பிறேக்கை அகற்றி டிஸ்க் பிறேக் பொருத்துவதை யாழ்ப்பாணத் தீவகச் சூழலில் வைத்து நோக்கின், இவ்வினாவின் முக்கியத்துவம் புலனாகும்.

இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. 1902இல் பிரான்சில் லூயி ரெனோ ட்ரம் பிறேக்கை உருவாக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அரைநூற்றாண்டுக் காலம் ட்ரம்மே மேலோங்கி நின்றது. 1953இல் லெ மான் பந்தயத்தில் டன்லொப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னர் நிலைமை மாறத் தொடங்கிற்று. நெடுவேகத்திலும் மலைச்சரிவிலும் ட்ரம் சூடேறிப் பிடியிழக்கும். திறந்த தட்டோ காற்றில் விரைந்து குளிரும். ஆகவே டிஸ்க்கின் மேன்மை, வேகத்தாலும் சரிவாலும் நிறுவப்பட்ட மேன்மையாகும்.

தீவகமோ சமதரை. பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்கும், அங்கிருந்து கடலூடு செல்லும் தாம்போதியால் புங்குடுதீவுக்கும் வாகனம் செல்கிறது. குறிகாட்டுவான் துறைக்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடலே வழி. இங்கு பிறேக்கின் பகை வெப்பமன்று, உப்பும் மணலுமே. ட்ரம்மினுள் புகுந்த உப்புநீர் எளிதில் வெளியேறாது. சக்கரச் சிலிண்டர் துருவேறி இறுகும். டிஸ்க் நீரை உதறிவிடும். அதன் தேய்மானத்தைக் கண்ணால் காண்பதும் எளிது. ஆயின் அதே திறந்த நிலை உப்புக்காற்றுக்கும் இடமளிக்கிறது. தட்டின் முகம் துருப்பிடிக்கும். கலிப்பர் நகரும் ஊசிகள் இறுகும். பிறநாட்டில் நிறுவப்பட்ட மேன்மையை அப்படியே இங்கு இறக்குமதி செய்துவிட முடியாது.

அன்றியும், மாற்றம் என்பது ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதன்று. ட்ரம்மில் சக்கரத்தின் சுழற்சியே ஒரு ஷூவை மேலும் இறுக அழுத்தி உதவுகிறது. டிஸ்க்கில் இவ்வுதவி இல்லாமையால் கூடிய எண்ணெயழுத்தம் தேவை. ட்ரம்முக்கெனக் குழாயில் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு நீக்கப்படாவிடில் டிஸ்க் ஓயாது உரசும். சுமையின்றித் திரும்பும் லொறியின் பின்பக்கம் இலேசானது. அழுத்தப் பங்கீடு சீராக்கப்படாவிடில் பின்சக்கரங்கள் இறுகி வண்டி பக்கவாட்டில் சுழலும். இருபுறமும் நீர் சூழ்ந்த தாம்போதியில் இதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. கைப்பிறேக்குக்கும் தனி ஏற்பாடு வேண்டும்; இல்லையேல் துறையின் சரிவில் சுமையிறக்கும் தொழிலாளியின் உயிரே பணயமாகும்.

இவ்விடத்து நம் கராஜ் தொழிலாளரின் வரலாற்றை நினைவுகூர்தல் தகும். 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு, பழைய பிரித்தானிய வாகனங்களைப் பேணும் திறனை வளர்த்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையின்போது, குடாநாட்டின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. பல்கலைக்கழகம் எதிலும் பதிவாகாத இவ்வறிவு மக்களின் அறிவு. நாம் அதனைப் போற்றுகிறோம்.

ஆனால் போற்றுதல் வேறு, கண்மூடி வியத்தல் வேறு. எரிபொருளில் செய்த ஏற்பாடு தோற்றால் வண்டி நின்றுவிடும். பிறேக்கில் செய்த ஏற்பாடு தோற்றால் வண்டி நிற்காது. தட்டுப்பாட்டுக் காலத்துத் துணிவை மட்டும் நம்பிப் பின்அச்சை மாற்றுதல், அத்திறனைத் தொழிலாளிக்கே எதிராகத் திருப்புவதாகும். அவனது கைத்திறன் பதிவு செய்யப்படவேண்டும். சுமையோடும் சுமையின்றியும் முறையான சோதனைக்கும் உட்படவேண்டும். கராஜும் பல்கலைக்கழகமும் ஒன்றிலிருந்து மற்றொன்று கற்கும்போதே தொழில்நுட்பம் மக்களுடையதாகும்.