முளா நதியும் மாவளர் வழக்கும்

பழைய சாங்வியை ஒருபுறம் பவனா நதியும் மறுபுறம் முளா நதியும் தழுவிச் சென்று, தாபோடிக்கு அருகே ஒன்றாய்க் கலக்கின்றன. கலந்த நீர் புனே நகரினுள் முட்டா நதியைச் சேர்ந்து, பின்னர் பீமாவாகி, கிருஷ்ணையில் விழுந்து, கீழ்க்கடலை நோக்கி நடக்கிறது. தெலுங்கு கங்கைத் திட்டத்தின்படி 1996 முதல் கிருஷ்ணை நீர் பூண்டி ஏரிக்கும் வருகின்றது. நாம் சாங்விக் கரையில் நின்று காணும் நீரின் ஒரு துளி சென்னையில் வாழும் நம் உறவினரின் குடத்தை அடைதல் கூடும் என்று எண்ணி மகிழலாம். ஆயின், இன்று அக்கரையில் நிற்போர்க்கு மகிழ்ச்சியைவிட மூக்கைப் பொத்தும் கையே முந்துகின்றது. ஆகாயத்தாமரை மூடிய நீர்ப்பரப்பு, சில நாள்களில் வெண்ணுரை, கோடையில் கருமை.

நம்முள் பலர் பிழைப்பை நாடி இவ்வூர்ப் பக்கம் வந்தவர்கள். 1869இல் கட்கியில் தோன்றிய வெடிமருந்துத் தொழிற்சாலை, 1954இல் பிம்பிரியில் தோன்றிய பெனிசிலின் தொழிற்சாலை, அதன் பின் வரிசையாய் எழுந்த வாகன ஆலைகள் ஆகியன எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிட்டன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். எனவே ஆற்றைக் கெடுத்தது ஆலை என்று கூறிவிட்டு நாம் விலகி நிற்பது எளிதன்று. வேலை வேண்டும், ஆறும் வேண்டும், இவ்விரண்டிற்காகவும் பிறர் வாழ்வு கெடாதிருத்தலும் வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதிய ஒரு பழைய வழக்கு, இதே முளா நதியின் தலைப்பகுதியில் நூறாண்டுகளுக்கு முன் நடந்தது. மராத்தியர் நன்கறிந்த அவ்வரலாறு நம்மவரிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

புனேக்கு மேற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில், சஹ்யாத்ரி மலைத்தொடரின் மடியில் உள்ளது முள்சிப் பள்ளத்தாக்கு. பெருமழை பெய்யும் நிலம். ஆம்பேமோஹர் என்னும் மணமிக்க நெல் விளைவதால் பெயர் பெற்றது. அங்கு உழுதுண்டு வாழ்ந்த மாவளர், சிவாஜியின் படையில் நின்ற வீரரின் வழிவந்தோர் எனத் தம்மைப் பெருமையோடு கூறிக்கொள்பவர். அந்நிலத்தில் முளா, நிலா ஆகிய ஆறுகள் கூடுமிடத்தில் அணை கட்டி, நீரைத் தேக்கி, கிழக்கே ஓடவேண்டியதை மேற்கே திருப்பி, ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்திற்குக் குழாய் வழியே கொங்கணத்தில் வீழ்த்தி, மின்சாரம் எடுப்பதென்று டாட்டா நிறுவனத்தார் திட்டமிட்டனர். கோபோலியில் 1915ஆம் ஆண்டிலேயே அவர்தம் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. முள்சி அத்தொடரில் பெரியதோர் அடுத்த படி.

இத்திட்டத்திற்கு அவர்கள் கூறிய காரணங்களைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. பம்பாய் நூலாலைகளும் துணியாலைகளும் பல்லாயிரவர்க்குத் தொழில் தந்தன. அவற்றிற்கு வேண்டிய நிலக்கரியோ நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும். விலை மிகுதி, தட்டுப்பாடும் உண்டு, அதனினும் கொடிது அதன் புகை. நகரின் வானத்தைக் கருக்கிய அப்புகையை அகற்ற, மலைமழையே தூய ஆற்றலைத் தரும் என்றனர். சுதேசித் தொழில் வளரவேண்டும் என்ற தேசிய உணர்வும் அவர்களுக்குத் துணையாயிற்று. இன்று சுற்றுச்சூழல் ஆர்வலர் வேண்டுவனவற்றுள் ஒன்றாகிய புகையில்லா மின்சாரத்தைத்தான் 1920ஆம் ஆண்டிலேயே ஒரு முதலாளி முன்வைத்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தொழிலாளிக்கு வேலை, நகரத்திற்குத் தூய காற்று, நாட்டிற்குத் தொழில்வளம் எனக் கணக்கின் ஒருபக்கம் நிரம்பியே இருந்தது.

மறுபக்கத்தில் நீரில் மூழ்கவிருந்தவை ஏறத்தாழ 50 ஊர்கள். இடம்பெயர வேண்டியோர் பத்தாயிரவருக்கும் மேற்பட்டோர். அவர்களை எவரும் கேட்கவில்லை. 1894ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தும் சட்டம் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தவும் இல்லை. தம் வயலில் அனுமதியின்றிச் சோதனைக்குழி தோண்டியதைத் தடுத்த ஓர் உழவரை, ஆங்கிலப் பொறியாளர் ஒருவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்ற செய்தியை இவ்வியக்கத்தின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். கிளர்ச்சியின் முதற்பொறி அதுவே எனலாம்.

1921 ஏப்ரல் 16, இராமநவமி நாள். ஆயிரத்திற்கு மேற்பட்ட மாவளர், ஆண்களும் பெண்களுமாய், அணை கட்டுமிடத்திற்குச் சென்று அமர்ந்தனர். வேலை நின்றது. உயிரா நிலமா என்பதே அவர்தம் முழக்கம். விநாயகராவ் புஸ்குடே என்பாரும், பாண்டுரங்க மகாதேவ பாபட் என்பாரும் தலைமை தாங்கினர். பின்னவர் 1880இல் பார்னேரில் பிறந்து, எடின்பரோவில் பொறியியல் பயிலச் சென்று, புரட்சியாளருடன் பழகி, வெடிகுண்டு செய்யக் கற்றுத் திரும்பியவர். அத்தகையவர் அறப்போர்க்களத்திற்கு வந்தது விந்தையே. முள்சியில்தான் மக்கள் அவரைச் 'சேனாபதி' என்று அழைக்கத் தொடங்கினர். அப்பட்டம் 1967இல் அவர் மறையும் வரையிலும், மறைந்த பின்னும், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

காந்தியடிகளும் அவ்வாண்டு ஏப்ரலில் 'யங் இந்தியா' இதழில் இதுபற்றி எழுதினார். சட்டம் தரும் உரிமையைப் பற்றி நில்லாமல் அம்மக்களோடே பேசித் தீர்க்குமாறு நிறுவனத்தாரை வேண்டினார். திட்டத்தால் வரும் நன்மை எத்துணைப் பெரிதாயினும், இசையாத ஏழை ஒருவனின் மேல் அது சுமத்தப்படின் அதன் மதிப்புக் குறைந்தே போகும் என்பது அவர் கருத்து.

நிறுவனம் சில திங்கள் வேலையை நிறுத்தி வைத்தது. ஆண்டிறுதியில் மீண்டும் தொடங்கியது. அறப்போரும் மீண்டும் தொடங்கியது. அடி, உதை, சிறை. ஆனால் இயக்கத்தை உள்ளிருந்து தளர்த்தியது வேறொன்று. மாவளரின் நிலங்களுள் பல, புனேயில் வாழ்ந்த சாவுகார்களிடம், அதாவது வட்டிக்கடைக்காரரிடம், அடகிலும் உடைமையிலும் இருந்தன. நிலத்தை உழுதவன் ஒருவன். பத்திரத்தை வைத்திருந்தவன் வேறொருவன். நல்ல இழப்பீடு கிடைக்கும் என்றதும் சாவுகார்கள் நிறுவனத்தோடு உடன்பட்டனர். நிலத்தை இழக்கப் போகிறவனுக்கும் நிலத்தை விற்கப் போகிறவனுக்கும் ஒரே துயரம் உண்டாக இயலுமா? இழப்பீட்டுத் தொகையை மட்டும் கூறி ஒரு திட்டம் அறத்தோடு நடந்தது எனப் பேசுவோர், அத்தொகை எவர் கையில் விழுந்தது என்பதையும் கூறக் கடமைப்பட்டவர். நம் தஞ்சைத் தரணியில் குத்தகையாளரும் மிராசுதாரரும் நின்ற நிலையை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

சிறை சென்று சென்று மக்கள் களைத்தனர். எஞ்சியவருள் சிலரோடு பாபட் வேறு வழியில் இறங்கினார். 1924 டிசம்பரில் அணைவேலைக்குச் சென்ற தொடர்வண்டியை ஆயுதங்களோடு மறித்தார். ஓடி ஒளியாமல் பிடிபட்டார். ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இயக்கம் அத்துடன் முடிந்தது. இச்செயலை நாம் போற்ற முற்படவில்லை. அவ்வண்டியில் சென்றவர் முதலாளிகள் அல்லர். மண்ணும் கல்லும் சுமக்கக் கூலிக்கு வந்த ஏழையர். நம்மைப் போல் பிழைக்க வந்தவர். அறப்போரின் கோபம் இறுதியில் இன்னோர் ஏழையின் மேல் இறங்கியது வருந்தத்தக்கது.

அணை எழுந்தது. 1927இல் பிரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது; இன்றும் இயங்குகின்றது. பம்பாயின் ஆலைகள் அம்மின்சாரத்தால் ஓடின. அவற்றில் உழைத்தோருள் நெல்லை, சேலம் மாவட்டங்களிலிருந்து தாராவிக்கும் பிற இடங்களுக்கும் குடிபெயர்ந்த தமிழரும் இருந்திருக்கலாம். அந்த ஆலைகளுள் மிகப் பல 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குப் பின் மூடப்பட்டன. எந்த வேலைவாய்ப்பின் பெயரால் ஊர்கள் மூழ்கினவோ அந்த வேலைகள் மறைந்தன. மூழ்கிய ஊர்கள் மூழ்கியவாறே உள்ளன. வேலைவாய்ப்பு ஒரு தலைமுறைக்கு வரும், நிலமிழப்பு எல்லாத் தலைமுறைக்கும் வரும் என்னும் வேறுபாட்டை அன்றைய கணக்கர் எவரும் ஏட்டில் எழுதியதாகத் தெரியவில்லை.

இதனை மராத்திய நாட்டின் குறையென்று நாம் கருதுதல் தகாது. பட்டினப்பாலை கரிகாற் பெருவளத்தானைக் காட்டை அழித்து நாடாக்கியவன் என்றும் குளம் தொட்டவன் என்றும் போற்றுகின்றது. அக்காட்டில் வாழ்ந்தோர் எங்குச் சென்றனர் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அண்மைக் காலத்திற்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் பழந்தொழில். ஆவாரம்பட்டை முதலிய மரப்பொருள்களால் பதனிட்ட காலத்தும் நாற்றம் உண்டு, நஞ்சு குறைவு. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தியது. முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருளையும் விற்றால் அந்நியச் செலாவணியும் மிகும், உள்நாட்டில் வேலையும் மிகும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது. ஆனால் ஆவாரம்பட்டையின் இடத்தில் குரோமிய உப்பு புகுந்தது. பாலாறு வறண்ட ஆறாதலின் கழிவை அடித்துச் செல்லவும் அதில் நீரில்லை. கழிவு மண்ணுள் இறங்கிற்று.

வேலூர் குடிமக்கள் நலமன்றத்தார் 1991இல் உச்சநீதிமன்றத்தை அணுகினர். 1996 ஆகஸ்டு 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்பதையும், திண்டுக்கல் வட்டாரத்தில் 13 ஊர்களில் ஆய்ந்த 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. தோல்தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவதை நீதிமன்றம் மறுக்கவில்லை. மாசு செய்தவனே அதன் செலவை ஏற்கவேண்டும், தீங்கு வருமுன் காத்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அது உறுதி செய்தது. தொழிற்சாலைகளை ஒட்டுமொத்தமாய் மூடாமல், சுத்திகரிப்பு நிலையம் அமைப்பார் இயங்கலாம், அமையார் மூடலாம் என்று வழிவகுத்தது. அறத்தின் தராசு இதுவன்றோ என்று நாம் வியக்கலாம். ஆனால், 2025 சனவரி 30இல் வேலூரின் அதே மாசு பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் இழப்பீடு பற்றியும் ஆற்றைச் சீராக்குதல் பற்றியும் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று என்பதும் உண்மை. இடையே 28 ஆண்டுகள். தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தை தானே தாயாகும் காலம்.

மீண்டும் சாங்விக்கு வருவோம். பவனாவையும் முளாவையும் கெடுப்பது ஆலைக்கழிவு மட்டுமன்று. பெருகிய குடியிருப்புகளின் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரே அதில் பெரும் பங்கு. மாசு செய்தவன் செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறி ஆலைவாயிலில் நின்றுவிடுவதில்லை. நம் அடுக்குமாடியின் குளியலறை வரையிலும் வருகின்றது. சுத்திகரிப்புக்கென நகராட்சி வரியை உயர்த்தினால் முதலில் முணுமுணுப்போர் யார் என்பதை நாம் அறிவோம்.

நம் குழாய்நீருக்கும் ஒரு வரலாறு உண்டு. பிம்பிரி சிஞ்ச்வடு மாநகருக்குப் பவனா அணையிலிருந்து திறந்த ஆற்றின் வழியே வரும் நீரை, மூடிய குழாய் வழியே கொண்டுவரத் திட்டமிடப்பட்டது. வழியில் வீணாகாது, மாசுபடாது என்றனர்; நகரத்தார் கண்ணுக்கு நியாயமான திட்டமே. ஆற்றில் நீர் ஓடாவிடில் தம் கிணறும் வயலும் வற்றும் என்று மாவல் வட்டத்து உழவர் அஞ்சினர். அவர்களும் மாவளரே. 2011 ஆகஸ்டு 9இல் மும்பை–புனே விரைவுச்சாலையை அவர்கள் மறித்தபோது காவல்துறையினர் சுட்டதில் மூவர் மாண்டனர். அவருள் ஒருவர் பெண். குழாய்வேலை அத்தோடு நின்று, பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அன்று மாலை நம் வீடுகளில் வழக்கம்போல் தண்ணீர் வந்தது. அச்செய்தியை வாசித்துக்கொண்டே நாம் அதனைப் பிடித்து வைத்தோம்.

இப்போது வேறொரு கோரிக்கை அவ்வப்போது எழுகின்றது. மேற்கே மின்சாரத்திற்குச் செல்லும் முள்சி நீரைக் கிழக்கே திருப்பிப் புனே வட்டாரத்தின் தாகத்திற்குத் தரவேண்டும் என்பது அது. அந்நீரின்மேல் மும்பைக்கு மின்சாரத்தின் பெயரால் ஓர் உரிமை பேசப்படுகின்றது. புனேக்குக் குடிநீரின் பெயரால் மற்றோர் உரிமை பேசப்படுகின்றது. ஏரிக்கரையில் இன்றும் வாழும் மாவளர் வழித்தோன்றல்களின் பெயரை இவ்விரு பட்டியலிலும் நாம் இதுவரை கண்டதில்லை.